அத்தான் பூசிய கிறீஸ்

அந்த லப்டொப்பை அக்கா ஒரு பழைய தலையணை உறைக்குள் போட்டுக் கொண்டுவந்து என் கடை மேசையில் வைத்தாள். உறையை உருவியதும் முதலில் வந்தது நாற்றம். தனிக் கருவாட்டு நாற்றமும் இல்லை, தனி மண்ணெண்ணெய் நாற்றமும் இல்லை. இரண்டையும் ஒரே அலுமாரிக்குள் வைத்து மாரி முழுக்கப் பூட்டி வைத்தால் வருமே, அந்த நாற்றம். மூடியில் விரலை வைத்தேன். விரல் ஒட்டியது. சீ என்று உதறிவிட்டுச் சட்டையில் துடைத்தேன். சட்டையிலும் ஒரு மஞ்சள் கோடு விழுந்தது.

“உதை ஏனக்கா இஞ்ச கொண்டந்தனீங்கள்? குப்பை வண்டி காலமையே போயிட்டுதே” என்றேன்.

முன்பென்றால் இதற்கு அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டியிருப்பேன். எங்கள் ஒழுங்கையில் அக்காவின் வாய்க்கு அஞ்சாத ஆள் இல்லை. மீன்காரன்கூட அவளிடம் பழைய சூடையை நீட்டமாட்டான். இப்போது அவள் முறைத்தாள், அவ்வளவுதான். போன மாரிக்கு முன் தொண்டையில் வந்த கட்டியை அறுத்தபோது குரலையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓர் ஓட்டை, அதன் வழியாகத்தான் மூச்சு. அதை மறைக்க ஒரு வெள்ளைத் துணி. கையில் எந்த நேரமும் சின்னப் பிள்ளைகள் எழுதி அழிக்கிற வெள்ளைப் பலகையும் ஒரு பேனாவும்.

பலகையில் எழுதி என் முகத்துக்கு நேரே பிடித்தாள். “என்ர குரல் இதுக்குள்ள கிடக்கு.”

அக்கா எங்கள் பங்குக் கோயிலில், ஞாயிறு பூசையில், வருடக்கணக்காக வேதாகம வாசகம் வாசித்தவள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வேறு யாராவது வாசித்தால் கோயிலுக்குள்ளேயே முகத்தைச் சுளிப்பாள். சனிக்கிழமை பின்னேரங்களில் இந்த லப்டொப்புக்கு முன்னால் இருந்து வாசித்துப் பதிவாள்; பிறகு போட்டுக் கேட்டு, தன்னில் தானே பிழை பிடித்து, மறுபடி பதிவாள். அந்தப் பதிவுகளைத் தவிர அவளுடைய குரல் வேறெங்கும் இல்லை. போனில் குரல் பதிந்து அனுப்பச் சொன்னால், “சுவரோட கதைக்க நான் என்ன விசரியோ” என்பாள். கலியாண வீட்டு வீடியோக்களில் எல்லாம் தேடிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் பாண்ட் வாத்தியம்தான் கத்துகிறது. அறுபது வயது வரைக்கும் அவள் பேசின பேச்சு முழுதும் காற்றோடு போய், மிச்சம் இந்த ஒட்டுகிற பெட்டிக்குள் கிடந்தது.

அவளுடைய கழுத்து ஓட்டையைத் துடைத்துச் சுத்தம் செய்ய எனக்கு ஒருநாளும் அருவருத்ததில்லை. இந்தப் பெட்டியைத் திறக்கத்தான் கை கூசியது. எழுத்துப் பொத்தான்களுக்கிடையில் பாண் துகள், தலைமயிர், கரப்பான் எச்சம். பெட்டியை எழுப்புகிற ஆளியை அமத்தினேன். உள்ளே காற்றாடி கரகரத்தது. கறுத்தத் திரையில் ஒரேயொரு ஆங்கில வரி வந்து நின்றது. தொடங்குவதற்கு உள்ளே எதுவும் கிடைக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். எத்தனை தரம் நூர்த்துத் திரும்பப் போட்டாலும் அதே வரி.

என் கடை மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வீதியில் இருக்கிற ஒரு கொமினிகேஷன். போட்டோ கொப்பி, ரீலோட், தமிழ் டைப்பிங், இவ்வளவும்தான் தொழில். கணினியைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் அடிபட்டுத் தெரிந்தது. ஆகவே முதலில் மரியாதையாக, பஸ் நிலையப் பக்கம் இருக்கிற ஒரு ரிப்பயர் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவனுக்கு ஒரு கையில் மீன் ரோல்ஸ். மற்றக் கையால் ஆளியை அமத்தினான். திரையைப் பார்த்தான். ரோல்ஸைக் கடித்தான். துகள் பொத்தான்கள் மேல் விழுந்தது. அதைத் தட்டிவிடக்கூட இல்லை.

“ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சு அன்ட்டி. கழட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசு போடுவம்.”

“அதுக்குள்ள இருக்கிறது?”

“அது போனதுதான்.”

பெட்டியைத் திறக்கவில்லை, ஒரு திருகாணியைத் தொடவில்லை, ஏதாவது செருகிப் பார்க்கவில்லை. ரோல்ஸ் முடிவதற்குள் ஒரு மனுசியின் குரலை எறிந்துவிட்டான். பக்கத்தில் நின்ற அக்கா பலகையில் ஏதோ எழுதத் தொடங்கினாள். எழுதியதை நான் பார்த்தேன். அதை இங்கே எழுத ஏலாது. அவளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அதன்பிறகு நானே இறங்கினேன். வீடியோக்களைப் பார்த்து ஒன்றை விளங்கிக்கொண்டேன். டிஸ்க் செத்தால்தான் எல்லாம் போகும். அதன் மேல் ஓடுகிற சிஸ்டம் மட்டும் செத்திருந்தால், வெளியிலிருந்து வேறொரு சிஸ்டத்தைக் கொடுத்துப் பெட்டியை எழுப்பலாம். எழுப்பினால் உள்ளே இருக்கிறதை வெளியே எடுக்கலாம். அதற்கு ஒரு பென்ட்ரைவ் போதும். என்னிடம் இருந்த பென்ட்ரைவைச் செருகினேன். சின்ன வெளிச்சம் ஒன்று வரவேண்டும். வரவில்லை. அடுத்த ஓட்டையிலும் வரவில்லை. ஓட்டைக்குள் கறுப்பாக ஏதோ அடைந்திருந்ததைக் கண்டேன். ஊத்தை என்று நினைத்து மேற்கொண்டு பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

பக்கவாட்டில் மெமரி கார்ட் செருகுகிற மெல்லிய பிளவு ஒன்று இருந்தது. சரி, பென்ட்ரைவ் இல்லாவிட்டால் கார்ட் என்று நினைத்தேன். அங்கே பிடித்தது சனி.

லினக்ஸ் என்கிற இலவசச் சிஸ்டத்தை இறக்கி, அந்தக் கோப்பை என் பழைய போனில் இருந்த கார்டில் அப்படியே கொப்பி பண்ணிச் செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பார்த்தால், கொப்பி பண்ணுவது வேறாம், எழுதுவது வேறாம். எழுதுவதற்கென்று தனி மென்பொருள் இருக்கிறதாம். வீடியோவில் பேசினவன் அதை மூச்சுவிடாமல் சிரித்துச் சிரித்துப் பேசி, கடைசியில்தான் சொன்னான். சரி, எழுதத் தொடங்கினேன். என் கார்டில் இடம் போதவில்லை. பிரதான வீதியில் சாமான் பரப்பி விற்கிற ஒருவரிடம் பெரிய கார்ட் ஒன்று வாங்கினேன். பொன் நிற எழுத்து, பளபளப்பான உறை. “ஒரிஜினல்” என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். பாதி எழுதினவுடன் நின்றுவிட்டது. மறுபடி எழுதினேன், மறுபடியும் பாதியில் நின்றது. மேலே எழுதியிருந்த அளவு உள்ளே இல்லை. வயிறு பெருத்துக் காட்டுகிற வெறும் பம்மாத்துக் கார்ட். எத்தனை பேரின் பிள்ளைகளின் படங்கள் இப்படிப்பட்ட கார்டுகளில் போயிருக்கும் என்று நினைக்க எனக்கு வாய் கசந்தது. திரும்பப் போனபோது அந்த ஆள் இடம் மாறியிருந்தார்.

மூன்றாவதாக, கமரா கடையில் வாங்கின கார்ட் உண்மையானது. ஒழுங்காக எழுதியது. அதை ரீடர் என்கிற சின்னச் செருகியில் போட்டு, என் கடைக் கணினியில் கொடுத்துப் பார்த்தேன். புதுச் சிஸ்டம் அழகாக எழும்பியது. அந்த நேரம் எனக்கு வந்த சந்தோசத்தில், கடை வாசலில் நின்று பொலித்தீன் பையைச் சப்பிக்கொண்டிருந்த மானைக்கூட, எங்கள் ஊரில் மான்கள் மாடுபோல் வீதியில் திரியும், நான் விரட்டவில்லை.

இவ்வளவு நடந்தபோதும் லப்டொப் ஒரு நாளாவது என் கடையில் தங்கவில்லை. பின்னேரமானால் அக்கா வந்துவிடுவாள். தலையணை உறைக்குள் போட்டு, நெஞ்சோடு அணைத்து வீட்டுக்குக் கொண்டுபோவாள். காலையில் திரும்பவும் கொண்டுவருவாள். விட்டுவிட்டுப் போங்கோ என்று சொன்னால் பலகையில் “ஏலாது” என்று எழுதிக் காட்டுவாள். அந்த ஒரு சொல் எழுதுவதற்காகவே அவள் பேனாவைத் திறந்து வைத்திருப்பதுபோல் இருந்தது எனக்கு.

அதனால் நல்ல கார்டோடு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். மண்டபத்து மேசையில் வெள்ளை விரிப்பு. அது அக்காவின் உயிர். அதன் மேல் தண்ணீர்க் கிளாஸ் வைக்கக்கூட அவள் விடுவதில்லை. அன்றைக்கு அவளே பழைய பேப்பர் ஒன்றை விரித்து அதன் மேல் லப்டொப்பை வைத்தாள். நான் கார்டைப் பிளவுக்குள் தள்ளினேன். ஏதோ சேற்றுக்குள் தள்ளுவதுபோல் சொதசொதவென்று போயிற்று. ஆளியை அமத்தினேன். அதே ஆங்கில வரி. கார்டை வெளியே இழுத்தேன்.

மஞ்சளும் கறுப்புமாய் ஒரு களி முழுக் கார்டிலும் அப்பியிருந்தது. அதில் ஒரு கரப்பானின் கால், மயிரும் முள்ளுமாய், ஒட்டிக்கொண்டு வந்தது. குசினிக்கு ஓடி வாயைக் கொப்பளித்துவிட்டு வந்துதான் பேச முடிந்தது.

“இதென்ன கோதாரி?”

“கிறீஸ்” என்றார் அத்தான்.

அத்தான் கதவடியில் நின்றார். அவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். இறங்குதுறைப் பக்கம் ஒரு தகரக் கொட்டில்தான் அவருடைய வேலைத்தலம். நிலாவெளியில் இருந்தும் குச்சவெளியில் இருந்தும்கூட எஞ்சின்கள் அவரிடம் வரும். ஞாயிற்றுக்கிழமையிலும் எஞ்சின் வந்தால் போய்விடுவார். அன்றைக்கும் போய்விட்டு வந்து நின்றார். கை இரண்டும் முழங்கை வரைக்கும் கறுப்பு. பேச்சுக் குறைவான மனுசன். வீட்டில் பேச வேண்டிய பங்கு முழுவதையும் அக்கா எடுத்துக்கொண்டதால் அவருக்கு அது தேவைப்படவில்லை. அறுவைக்குப் பிறகு இருந்த கொஞ்சமும் நின்றுபோய், அந்த வீட்டில் சுவர்க்கடிகாரம் மட்டும்தான் கதைத்தது.

“கிறீஸ் எப்பிடி அத்தான் இதுக்குள்ள வந்தது?”

“நான்தான் பூசினனான்.”

“லப்டொப்புக்கு?”

“உப்புக் காத்துப் பிள்ளை. பூசாட்டித் தின்னுபோடும்.”

இதை வெளியூர் ஆட்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். துறைமுகத்தைச் சுற்றி இருக்கிற எங்களுடைய வீடுகளில் இரும்பு என்று எதையும் சும்மா விட ஏலாது. பூட்டை விட்டால் ஒரு மாதத்தில் திறப்பு உள்ளே போகாது. குடைக் கம்பி, தையல் மெசின், படலைக் கொளுவி எல்லாவற்றுக்கும் ஏதாவது பூச வேண்டும். சிலர் தேங்காய் எண்ணெய். அத்தானுக்குக் கிறீஸ். சனிக்கிழமைகளில் ஒரு கிறீஸ் ரின்னும் துணி சுற்றின குச்சியும் கையுமாக வீட்டைச் சுற்றி வருவார். கண்ணில் பட்டதுக்கெல்லாம் ஒரு இழுப்பு. அந்த வீட்டில் யன்னலைச் சாத்தினாலும் கை நாறும், அலுமாரியைத் திறந்தாலும் கை நாறும். நான் அங்கே ஒருநாளும் எதிலும் சாயமாட்டேன்.

“பூட்டுக்குப் பூசுங்கோ, படலைக்குப் பூசுங்கோ. இது கரண்டில வேலை செய்யிற சாமான் அத்தான். இதின்ர ஓட்டைக்குள்ள ஆராவது கிறீஸ் அடைவினமோ? எத்தின தரம் பூசினனீங்கள்?”

“அவ ஆசுப்பத்திரியில இருக்கேக்க தொடங்கினனான்” என்றார். “வந்து வாசிக்கேக்க துருப்பிடிச்சிருக்கக் கூடாதெண்டு.”

“பிறகு?”

“பிறகும் விடயில்ல.”

“சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான் கார்ட் கார்டா வாங்கி அலையிறன், நீங்கள் வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லக் கூடாதோ?”

“நீ கேக்கயில்லையே பிள்ளை.”

எனக்குக் கோபம் ஏறியது. ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை, லப்டொப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அப்ப நான்தான் அவவின்ர குரலைக் கெடுத்தனானோ?”

“வேற ஆர்?” என்றேன்.

அக்கா பலகையால் மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். இரண்டு பேரும் திரும்பினோம். “கதையை விட்டிட்டு வேலையைப் பார்” என்று எழுதியிருந்தது. அது எனக்கு. அத்தானுக்கு ஒன்றும் எழுதவில்லை. அவர் கதவடியிலேயே நின்றார்.

ஸ்பிரிட் போத்தலும் பழைய பல்துலக்கியும் காதுக்குடும்பிக் குச்சிகளும் கொண்டுவந்து துப்புரவாக்கத் தொடங்கினேன். சொல்லவும் கூடாது அந்த அரியண்டத்தை. ஒரு குச்சியை விட்டால் ஒரு கட்டிக் களி வரும். அதற்குள் எறும்பு, மணல், பெயர் தெரியாத எதனுடையதோ செட்டை. பேப்பரில் சேர்ந்த குவியலைப் பார்த்தால் மத்தியானச் சாப்பாடு இறங்காது. அக்கா ஒவ்வொரு குச்சியையும் வாங்கிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, பையில் போட்டாள். ஸ்பிரிட் மணமும் கிறீஸ் மணமும் கலந்து எனக்குத் தலை இடித்தது.

இரண்டு யூஎஸ்பி ஓட்டைகளையும் துடைத்து முடித்து ரோர்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே இருந்த தகடுகள் புதுக் காசு மாதிரி மினுங்கின. பக்கத்தில், அத்தானின் குச்சி படாத, இன்டர்நெட் வலைக் கம்பி செருகுகிற ஓட்டை பச்சையாய்ப் பூத்து அழுகியிருந்தது. இதை நான் அத்தானுக்குச் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் இருக்கிற ரீவிக்கும் பூசிவிடுவார்.

துடைத்த பிளவில் துடைத்த கார்டைப் போட்டேன். மறுபடியும் அதே ஆங்கில வரி. எனக்கு லப்டொப்பைத் தூக்கிக் கடலில் எறியலாம் போல் இருந்தது. கடலும் கிட்டத்தான். ஒருமாதிரி அடங்கி, ஆளியை அமத்தினவுடன் மேல்வரிசைப் பொத்தான் ஒன்றைத் தொடர்ந்து தட்டினேன். எதிலிருந்து தொடங்கட்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் வந்தது. உள்ளே இருக்கிற டிஸ்க், சீடி, வலைக் கம்பி, யூஎஸ்பி. கார்ட் பிளவு அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. அப்போதுதான் விளங்கியது. இந்தப் பழைய பெட்டி எழும்பும் நேரத்தில் கார்ட் பிளவை எட்டிப் பார்ப்பதே இல்லை. முழுதாய் எழும்பின பிறகுதான் அந்தப் பிளவு அதற்குத் தெரியும். கிறீஸ் பூசினாலும் பூசாவிட்டாலும் நான் அதில் செருகினது அத்தனையும் வீண். கார்டை ரீடரில் போட்டு யூஎஸ்பி ஓட்டையில் கொடுத்திருக்க வேண்டும். ரீடர் கடையில் கிடந்தது.

“ரீடர் வேணும். மேசை லாச்சிக்குள்ள கிடக்கு” என்றேன், யாரையும் பார்க்காமல்.

அத்தான் கதிரையில் கிடந்த என் கடைத் திறப்பை எடுத்தார். சைக்கிள் போகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. ரீடரை உள்ளங்கையில் ஏந்தி நீட்டினார். அதிலும் கறுப்பு விரலடையாளம். வாங்கித் துடைத்துவிட்டுச் செருகினேன்.

சின்ன நீல வெளிச்சம் வந்தது.

பட்டியலில் கார்டின் பெயரும் வந்தது. தெரிவு செய்தேன். திரை கறுத்தது, கறுத்தபடியே நின்றது. அக்கா என் தோளைப் பிடித்திருந்தாள், பிடி இறுகியது. நான் கண்ணை மூடி யோசித்தேன். எழுதுகிற மென்பொருள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது ஞாபகம் வந்தது. புதுப் பெட்டிகளுக்கான முறையிலா, பழைய பெட்டிகளுக்கான முறையிலா? புதுசு எப்போதும் நல்லதுதானே என்று புதியதை அமத்தியிருந்தேன். கடைக் கணினி புதிது, அதனால் எழும்பியது. இது பழசு. கார்டை உருவிக்கொண்டு எழும்பினேன்.

“எங்க போறாய்?” என்று அத்தான் கேட்டார்.

“கடைக்கு. திரும்பக் கார்டை எழுத வேணும்.”

“அப்ப ஏலாதோ?”

“ஏலும். நீங்கள் ஒண்டுக்கும் ஒண்டும் பூசாமல் இருங்கோ.”

கடையில் கார்டை அழித்துப் பழைய முறையில் எழுதிக்கொண்டு திரும்பினபோது இரண்டு பேரும் நான் விட்ட மாதிரியே இருந்தார்கள். அக்கா லப்டொப்புக்கு முன்னால். அத்தான் கதவடியில், உள்ளே வராமல். செருகினேன். தெரிவு செய்தேன். கறுப்புத் திரையில் எழுத்துக்கள் மளமளவென்று ஓடின. நின்றன. ஓடின. பிறகு திரை முழுக்க நீலமாய் விரிந்து, நடுவில் அம்புக்குறி ஒன்று வந்து நின்றது. உள்ளே இருந்த டிஸ்கின் படத்தை அமத்தினேன். டிஸ்க் உறுமியது, யோசித்தது, திறந்தது. அந்த ரோல்ஸ்காரனின் கன்னத்தில் ஒன்று கொடுக்க வேண்டும் போல் இருந்தது. டிஸ்க் சாகவே இல்லை.

“வாசகம்” என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. அதற்குள் வரிசையாகக் கோப்புகள். முதலில் எல்லாவற்றையும் என் பென்ட்ரைவுக்கு எடுத்தேன். அதன்பிறகுதான் ஒன்றைப் போட்டேன்.

அக்காவின் குரல் வந்தது. நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைக்கிற குரல். அக்கா தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு முகத்தைச் சுளித்தாள். கோயிலில் மற்றவர்கள் வாசிக்கும்போது சுளிப்பாளே, அதே சுளிப்பு. பலகையில் எழுதினாள். “கெதியா, அவசரப்பட்டு வாசிச்சிட்டன். சரியில்ல.”

“உங்கட வாயை எடுத்தாலும் உங்கட குணத்தை எடுக்க ஏலாதக்கா” என்றேன்.

அத்தானைப் பார்த்தேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் யாரோ கதைப்பதைக் கேட்பதுபோல் நின்றார்.

“என்னத்தான், சந்தோசமில்லையோ?”

“சந்தோசம்தான்” என்றார். நாடியால் லப்டொப்பைக் காட்டி, “உது கோயில் குரல்” என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவு ஊத்தையைத் தோண்டி எடுத்துக் கொடுத்தால் இந்த மனுசனுக்கு இதுவும் போதாதாம். அடுத்ததைப் போட்டேன், அதற்கடுத்ததைப் போட்டேன். எல்லாம் கோயில் குரல்தான். பட்டியலின் கடைசியில் இருந்த பதிவு மற்றவற்றைவிட நீளம். வாசகம் முடிந்தது. அக்கா நிறுத்த மறந்திருக்க வேண்டும். கதிரையைப் பின்னுக்கு அரக்கும் சத்தம். தூரத்தில் ஒரு படகு எஞ்சின். யாரோ நடந்து வருகிற சத்தம். பிறகு, சுவர் அதிர, அந்த ஒழுங்கை முழுக்க அஞ்சின அந்தக் குரல்.

“இஞ்சேருங்கோ! உந்தக் கிறீஸ் கையோட விரிப்பைத் தொடாதேங்கோ எண்டு எத்தின தரம் சொல்லுறது? எடுங்கோ கையை!”

அத்தான் இரண்டு கைகளையும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

என்ன செய்தோம் என்று அவருக்கே ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது. வாய் கோணியது. நான் பதிவை நிறுத்தினேன். அக்கா அவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவளுடைய கழுத்துத் துணி படபடவென்று அடித்தது. மூச்சுத்தான் திணறுகிறது என்று பயந்து எழும்பினேன். இல்லை, அவள் சிரித்தாள். சத்தமில்லாமல், கண்ணில் நீர் வர, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பிறகு விரலை நீட்டிக் குசினிப் பக்கம் காட்டினாள். எழுதிக் காட்டவில்லை. அதற்கு எழுத்துத் தேவைப்படவில்லை.

அத்தான் குசினிக்குப் போனார். தண்ணீர் விழுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. சவர்க்காரம் போட்டு, தும்பால் தேய்த்து, முழங்கை வரைக்கும் கழுவி, துடைத்துக்கொண்டு வந்தார். அந்தக் கைகளை அவ்வளவு வெள்ளையாய் நான் ஒருநாளும் கண்டதில்லை. மேசைக்குக் கிட்ட வந்து, அக்காவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

“இன்னொருக்காப் போடு பிள்ளை” என்றார்.

போட்டேன். வாசகம் முடிந்தது. கதிரையை அரக்குகிற சத்தம் வந்தது. படகு எஞ்சின் கேட்டது. “இஞ்சேருங்கோ” என்று அக்காவின் குரல் எழும்பியபோது, கழுவின கைகளை அவர் மறுபடியும் பின்னால் ஒளித்துக்கொண்டார்.